சோளக் கூழும் ஆத்தாளின் விக்கலும்

வேலம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய சோளக் கூழிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் எந்த ஊர்க்காரி, எந்தக் கப்பலில் வந்தாள் என்று கேட்டால் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருத்தர் முசிறி என்பார், இன்னொருத்தர் துறையூர் என்பார். ஆனால் அவள் கூழில் என்னென்ன சாமான் விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர்ப் பால் வெட்டப் போகிற ஆள்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டு, சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி என்று விரலை மடக்கிக்கொண்டு நின்றுவிடுவான். அப்புறம் வேலை வாங்குகிற மண்டோரிடம் ஏச்சு வாங்குவான்.

கோல சிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் தோட்டம் அது. ரப்பர் விலை திடீரென்று ஏறி, துரைமார்கள் புதுக் கார் வாங்கிய வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. ஆள்களுக்கு என்ன ஏறியது என்று கேட்காதீர்கள். வெட்ட வேண்டிய மரம் ஏறியது.

ஊரிலென்றால் கூழுக்குக் கம்பு உண்டு, கேழ்வரகு உண்டு. இங்கே கம்பு நாகப்பட்டினத்துக் கப்பலில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து வண்டி ஏறி வர வேண்டும். அப்படி வருகிற ஒரே ஒரு மூட்டையும் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கென்று கோயில் கொட்டகையில் வைத்துப் பூட்டப்படும். மனிதர்களுக்குக் கிடைத்தது தோட்டத்து அரிசி, அதிலும் பாதி கல். வேலம்மா பார்த்தாள். பக்கத்து ஊரான புக்கிட் பெலிம்பிங்கில் ஜாவாக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் ஜாகோங் என்கிற மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். நம் ஊர்ச் சோளம் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். இது குதிரைப் பல் மாதிரி பெரிதாக, மஞ்சளாக இருந்தது. இருந்தால் என்ன, இதுவும் தட்டையில் விளைகிற தானியம்தானே என்று மடி நிறைய வாங்கி வந்து காய்ச்சிப் பார்த்தாள். முதல் தடவை பசை மாதிரி வந்தது. இரண்டாம் தடவை அடி பிடித்தது. அவள் விடுகிற ஆளா?

கடைசியில் அவள் கண்டுபிடித்த பக்குவம் இதுதான். காய்ந்த கதிரை இன்னொரு கதிரால் தேய்த்து உதிர்க்க வேண்டும். வெறும் சட்டியில் போட்டு, ஒன்றிரண்டு பொரியத் தொடங்கும்வரை வறுக்க வேண்டும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, தோல் போனதைத் திருகையில் போட்டு மாவாக்க வேண்டும். அந்த மாவை முந்தின நாள் நீராகாரத்தில் கரைத்து ஓர் இரவு புளிக்க விட்டு, மறுநாள் பெரிய பானையில் ஊற்றிக் கை ஓயாமல் துடுப்பால் துழாவ வேண்டும். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி நான்கையும் தட்டி, ஆற்றோரத்து நீப்பாப் பனை வெல்லத்தோடு தனியே கொதிக்க வைத்துச் சாறு எடுக்க வேண்டும். இந்தச் சாற்றைக் கூழின் கொதி அடங்கிய பிறகுதான் விட வேண்டும். அதுதான் முக்கியம். கொதிக்கும்போதே காரத்தைப் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே குடிப்பவனுக்கு வெல்லத் தண்ணீர், அடியில் குடிப்பவனுக்கு எமலோகம்.

இருமல் வந்தவர்கள் குவளையோடு வந்தார்கள். மழையில் நனைந்தவர்கள் வந்தார்கள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பட்டினி கிடந்தவர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சோளக் கூழ் வேலம்மா என்று பெயரே ஆகிவிட்டது.

கூழ் காய்ச்சத் தெரிந்தவளுக்கு வாழ்க்கை ஒழுங்காகக் கூடியிருக்க வேண்டாமா? புருஷன் குளிர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அவனுடைய அண்ணன் சன்னாசி மட்டும் மிச்சம். பக்கத்து அறையில் இருந்தான். பகலில் தோட்டத்தில் புல் வெட்டுவான், விளக்கு வைத்ததும் மாரியம்மன் கோயில் பூசாரி. அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாத மனிதன். மூன்று வேளையும் வேலம்மாவின் சட்டியில்தான் கையை விட்டான். உப்புக் குறைவு என்று ஒரு நாள், குழைந்துவிட்டது என்று மறு நாள். சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துவிடுவான்.

அப்புறம் செல்லையா. ரப்பர் ஷீட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோல சிலாங்கூருக்குக் கொண்டுபோகிற வண்டிக்காரன். புக்கிட் பெலிம்பிங்கில் சொந்தமாக ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டிருந்தான். பெண்டாட்டி செத்து வெகு நாளாகிறது. திரும்பி வருகிறபோது வேலம்மாவின் வாசலில் ஒரு கட்டுச் சோளக் கதிரை இறக்கி வைத்துவிட்டு, அவள் ஊற்றிக் கொடுக்கிற கூழைக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவான். இப்படியே பேசாமல் போய்ப் போய், ஒரு நாள் வாயைத் திறந்து, "எங்கூட வந்துர்றியா புள்ள?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குக் கூழில் வெல்லம் இரண்டு தடவை விழுந்தது.

அறுத்துக் கட்டுவது, அதாவது தாலி இழந்தவள் மறுதாலி கட்டிக்கொள்வது, அவர்கள் சனத்தில் குற்றமில்லை. ஊரில் தாராளமாக நடப்பதுதான். ஆனால் இந்தத் தோட்டத்தில் மண்டோர் நாராயணசாமி வைத்த ஒரு சட்டம் இருந்தது. மண்டோர் நல்ல மனிதர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்கிற வியாதி மட்டும் அவருக்கு இருந்தது. லயத்தில் ஓர் அடுப்பு அணைந்து அது வேறு வீட்டில் எரியப் போகிறதென்றால், அதற்கு ஆத்தாளின் வாக்கு வேண்டும். ஆத்தாள் வாக்குக் கொடுப்பது வருஷத்தில் ஒரே நாள், ஆடிக் கூழ் ஊற்றும் நாள். அவள் இறங்கி வருவது ஒரே ஒரு ஆளின் மேல். அந்த ஆள் சன்னாசி.

முதல் வருஷம் கேட்டபோது ஆத்தாள், "வடக்குத் திசை ஆகாது," என்றாள். புக்கிட் பெலிம்பிங் வடக்கே இருக்கிறதா, தெற்கே இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வருஷம், "வண்டி மாட்டுக்குக் கொம்பு சரியில்ல," என்றாள். செல்லையா பாவம், மாட்டை மாற்றினான். அதற்கடுத்த வருஷம், "புது மாடு எனக்குப் பழகல," என்றாள். ஆத்தாளுக்கு மாட்டோடு என்ன பழக்கம் என்று வேலம்மாவுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் வந்திருப்பது சாமி. சாமியிடம் எதிர்க்கேள்வி போட முடியுமா? ஒவ்வொரு ஆடியிலும் பாயில் சுருண்டு படுத்து அழுதாள். அழுது முடித்து எழுந்து, சன்னாசிக்குச் சோறு வடித்தாள்.

ரப்பர் விலை ஏறிய அந்த வருஷ ஆடிக்கு முன்னால் கோயில் கொட்டகையைத் திறந்தபோது கம்பு மூட்டை தட்டையாகக் கிடந்தது. உதறிப் பார்த்தால் ஒரு படி தேறவில்லை.

"எலி," என்றான் சன்னாசி. சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. "பாத்தீங்களா மண்டோரே, ஒவ்வொண்ணும் பூன சைசு."

மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிள்ளானுக்கு ஆள் அனுப்பி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். அப்போதுதான் வேலம்மாவின் அண்டை வீட்டுக்காரி கங்கா, "நம்ம வேலம்மா காய்ச்சுற சோளக் கூழையே ஊத்துனா என்ன?" என்றாள். அதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. கம்பு தின்று வளர்ந்த ஆத்தாளுக்கு ஜாவாக்காரன் தானியம் ஆகுமா? கடைசியில் படித்தவரைக் கேட்போம் என்று மகாதேவா கிராணியிடம் போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்தார்.

"சோளம் படைக்கக் கூடாதெண்டு நான் ஒரு இடத்திலயும் வாசிக்கேல்ல," என்றார். "ஆனா நான் எல்லாத்தையும் வாசிச்சனான் எண்டும் சொல்லேல்ல."

மண்டோருக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது.

வேலம்மாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஆத்தாளே தன் கையால் காய்ச்சின கூழைக் குடிக்கப் போகிறாள். குடித்துவிட்டு எந்த வாயால் இல்லை என்பாள்? செல்லையா வண்டி நிறையக் கதிர் கொண்டுவந்து இறக்கினான்.

"இந்த வருசம் சொல்லிருவாளா?" என்று கேட்டான்.

"வயிறு குளுந்தா மனசு குளுரும். நீங்க அந்த மாட்ட மட்டும் கோயில் பக்கமே கொண்டாந்துராதீங்க," என்றாள் வேலம்மா. அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் கூழ் ஊற்று என்றால் முந்தின நாள் பின்னேரமே பானை ஏறிவிட்டது. இடுப்புயரப் பானை. கங்கா விறகு தள்ள, வேலம்மா துழாவிக்கொண்டிருந்தாள். கூழ் தளதளவென்று கொதிக்கிற நேரமாகப் பார்த்துச் சன்னாசி வந்து நின்றான். கையில் ஒரு பொட்டலம்.

"ஆத்தா கனவுல வந்தா," என்றான். "காரம் பத்தாதுங்குறா. நெறைய மொளகு போடச் சொன்னா."

"அரைச்சு வச்சிருக்கேன் மாமா. கொதி அடங்கட்டும், சாறோட சேத்து விட்டுக்கலாம்."

"ஆத்தா சொன்னதுக்கு மேல ஒனக்கு என்ன பக்குவம்?"

பொட்டலத்தை அவிழ்த்து அவன் பாட்டுக்குக் கொட்டினான். மிளகுப் பொடி ஒரு கை, இரண்டு கை. கொதிக்கிற கூழ் அதை லபக்கென்று விழுங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. வேலம்மாவுக்கு நடக்கப் போவது விளங்கிவிட்டது. நாளைக்கு ஆத்தாள் ஒரு வாய் வைப்பாள், முகத்தைச் சுளிப்பாள், தூ என்பாள். கூழே பிடிக்காத ஆத்தாளிடம் கல்யாணத்துக்கு என்ன வாக்குக் கேட்பது? இந்த வருஷமும் போச்சு. அவள் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று கங்காவிடம் சொன்னாள்.

ஆனால் சன்னாசிக்குச் சமையல் தெரியாது. காரம் எங்கே போய் உட்காரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கோயில் வழக்கத்தையாவது அவன் நினைவு வைத்திருக்க வேண்டும். ஆத்தாளுக்குரிய முதல் குவளையை மேலாக அள்ளக் கூடாது. மேலே ஏடு படியும், ஈ விழும், அது எச்சில் மாதிரி. அகப்பையை அடிவரை விட்டு, பானையின் அடி வண்டலோடுதான் அள்ள வேண்டும். கம்பங்கூழில் அடியும் மேலும் ஒன்றுதான் என்பதால் இத்தனை வருஷம் அதை அவன் யோசித்ததே இல்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் தோட்டமே கோயில் முன்னால் கூடியது. உடுக்கை அடித்தார்கள். சன்னாசி மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக நின்றான். கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கியது, தலை ஆடியது, ஆத்தாள் இறங்கிவிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். மண்டோர் நாராயணசாமி அகப்பையை அடிவரை விட்டு, குவளை நிரம்ப அள்ளிக்கொண்டு முன்னே வந்தார்.

ஆத்தாள் உதட்டை மட்டும் நீட்டினாள். ஒரு சொட்டு நனைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கிற யோசனை. மண்டோரிடம் அது நடக்குமா? ஆத்தாளுக்கு ஊற்றுவதைப் பாதியில் நிறுத்துவது முறையல்ல. அவர் இடது கையால் ஆத்தாளின் பின்தலையைப் பக்தியோடு பிடித்துக்கொண்டு, வலது கையால் குவளையை ஒரேயடியாகக் கவிழ்த்தார்.

ஆத்தாளின் கண்கள் வெளியே வந்தன. முகம் சிவந்தது, காது சிவந்தது, மூக்கிலிருந்து நீர் கொட்டியது.

"இந்த வருசம் ஆத்தா உக்கிரமா வந்துருக்கா," என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அழுவுறா பாருங்க. நம்ம கஸ்டத்தப் பாத்து அழுவுறா," என்றாள் இன்னொருத்தி. அவளும் அழத் தொடங்கினாள்.

மண்டோர் வேலம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முன்னால் வந்து கும்பிட்டாள். செல்லையா கூட்டத்தின் கடைசியில் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான்.

"ஆத்தா, வருசா வருசம் கேட்டதுதான். நா செல்லையாவோட போயிப் பொழைக்கணும். வாக்குக் குடு தாயீ."

ஆத்தாள் வாயைத் திறந்தாள். "அடியே..." என்றாள். "விக்."

கூட்டம் கழுத்தை நீட்டிக் கேட்டது. இது என்ன பாஷை?

"அடியே... விக்." வேப்பிலை துள்ளியது. "நான்... விக்."

"ஆத்தாளுக்கு விக்கல்," என்றாள் கங்கா. அதற்கப்புறம்தான் விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. கை கொட்டிச் சிரிக்க வேண்டிய சமாசாரம்தான், ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மண்டோர் முகம் வெளுத்துவிட்டது. இறங்கின சாமி வாக்குச் சொல்ல வேண்டும். வாக்குச் சொன்னபின் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வாங்கி மலையேற வேண்டும். வாக்கும் சொல்லாமல் மலையும் ஏறாமல் ஆத்தாள் இப்படியே தோட்டத்தில் தங்கிவிட்டால்? நாளைக்குக் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணும்போது அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வாக்கை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் மலையேற்றிவிடுவோம் என்று கற்பூரத்தைப் பற்ற வைத்து ஆத்தாளின் நாக்கில் வைத்தார். ஆத்தாள் விக்கினாள். கற்பூரம் பறந்து வந்து மண்டோரின் வேட்டியில் விழுந்தது. அதை அணைப்பதற்குள் ஒரு ரகளை.

மகாதேவா கிராணி தூரத்தில் வேலிக்கு வெளியே குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"குனிஞ்சு நிண்டு தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ. எங்கட ஊரில அப்பிடித்தான் விக்கல நிப்பாட்டிறவை."

"அது மனுசனுக்குங்க," என்றார் மண்டோர் வேட்டியை உதறிக்கொண்டே. "ஆத்தா யாருக்குங்க குனிவா?"

நியாயமான கேள்விதான். ஆத்தாள் மட்டும் அந்தத் தண்ணீரை நினைத்து ஏக்கத்தோடு கிராணியைப் பார்த்த மாதிரி வேலம்மாவுக்குத் தோன்றியது.

யாரோ நினைத்தால் விக்கல் வரும், நினைக்கிற ஆளின் பெயரைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். ஆத்தாளை யார் நினைப்பார்கள்? அவளுடைய அக்கா தங்கச்சிகள்தான் என்று முடிவாயிற்று. சமயபுரத்தாளா, புன்னைநல்லூராளா, பெரியபாளையத்தாளா என்று ஆளுக்கொரு மாரியம்மன் பெயரைக் கத்தினார்கள். எல்லாப் பெயருக்கும் ஆத்தாள் விக்கினாள். ஒரு கிழவர் நடுவில் தன் மாமியார் பெயரைச் சொன்னார். அவர் எதற்காகச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

"திடுக்குன்னு ஆக்கணும்," என்றாள் கங்கா. "எம்புள்ளைக்கு விக்கல் வந்தா, ஏண்டா வெல்லத்தத் திருடித் தின்னியான்னு அதட்டுவேன். நா திருடலம்மான்னு பதறும். அதுல நின்னுரும்."

எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் ஆத்தாளைப் பார்த்துத் திருடி என்று சொல்கிற நாக்கு யாருக்கு இருக்கிறது? மண்டோர் தாடையைச் சொறிந்து சொறிந்து யோசித்து, இதற்கும் ஒரு முறை கண்டுபிடித்தார்.

"பாவம் வராத மாதிரி ஒரு திருட்டச் சொல்லுவோம். கோயில் கம்பு இருக்கு பாருங்க, அது ஆத்தாளோடது. தன் சொத்தத் தானே எடுத்தா அது திருட்டே ஆவாது. எடுத்திருந்தாலும் குத்தமில்ல, எடுக்கலன்னாலும் குத்தமில்ல. அதச் சொல்லிக் கேளு வேலம்மா. கூழு காச்சுனவ நீ, விக்கலுக்கும் நீதான் பொறுப்பு."

வேலம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு வாக்குக் கேட்க வந்தவள் திருட்டுப் பட்டம் கட்ட வேண்டியதாயிற்றே என்று நொந்துகொண்டாள். ஆனால் விக்கல் நிற்காவிட்டால் வாக்கும் இல்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கங்கா பிள்ளையை அதட்டுகிற அதே தோரணையில், இடுப்பில் கை வைத்து, ஒரே மூச்சில் கத்தினாள்.

"ஏண்டி ஆத்தா, கோயில் கம்பத் திருடி ஈஜோக்குல குடுத்துக் கள்ளு வாங்கிக் குடிச்சது நீதானடி?"

கள்ளு அவளாகச் சேர்த்தது. அதட்டலுக்கு ஒரு கனம் வேண்டாமா?

விக்கல் நின்றுவிட்டது.

"எவ சொன்னா?" என்றது ஆத்தாளின் வாய். அது ஆத்தாளின் குரல் இல்லை. தினமும் உப்புக் குறைவு என்று சொல்கிற குரல். "பாதி மூட்டதான் எடுத்தேன். மிச்சத்தச் சத்தியமா எலிதான் தின்னுச்சு."

வேப்பிலை ஆடாமல் நின்றது. சன்னாசி தான் சொன்னதைத் தானே கேட்டான் போலிருக்கிறது. சட்டென்று தலையை ஆட்டி மறுபடி நடுங்கப் பார்த்தான். அது சரியாக வரவில்லை. வேலிக்கு வெளியே கிராணி இருமுவது போல ஏதோ செய்தார்.

"ஆத்தா மலையேறிட்டா," என்று மண்டோர் அவசரமாக அறிவித்தார். கற்பூரம் இல்லாமல் எப்படி ஏறினாள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்கிற கவலை அவருக்கு. "வாக்க அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வேலம்மா நகரவில்லை. சன்னாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்துக்கு எல்லாம் கம்பு மூட்டையாகத் தெரிந்தது. அவளுக்கு அந்த மூட்டையைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"மாமா," என்றாள். "மாட்டுக்குக் கொம்பு சரியில்லன்னது யாரு?"

சன்னாசி வேப்பிலையைக் கீழே நழுவ விட்டான்.

"வடக்கு ஆகாதுன்னது யாரு மாமா?"

அவன் முகத்தில் மிளகுக் கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதில் எது மிளகு, எது கண்ணீர் என்று சொல்ல முடியாது. "நீ போயிட்டா எனக்கு யாரு புள்ள சோறு ஆக்குவா?" என்றான்.

அவ்வளவுதான். அதற்காகத்தான். வேலம்மாவுக்கு அவனை அகப்பையால் அடிக்க வேண்டும் போலிருந்தது. எத்தனை ஆடி, எத்தனை அழுகை. தலையில் நரை வந்துவிட்டது. ஆனால் சின்னப் பிள்ளை மாதிரி மஞ்சள் வேட்டியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது?

"இத நேராக் கேட்டிருந்தா அங்கேருந்து தெனம் ஒரு சட்டி குடுத்துவிட்டிருப்பேனே மாமா," என்றாள். "வண்டி தெனம் இந்தப் பக்கந்தான வருது."

சன்னாசி நிமிர்ந்து பார்த்தான். இப்படி ஒரு வழி இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை என்று அவன் வாய் பிளந்து நின்றதிலேயே தெரிந்தது.

கங்கா பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள். "ஆடிருடி," என்று காதில் கிசுகிசுத்தாள். "ஆத்தா ஒம்மேல எறங்குன மாதிரி ஆடு. நீயே கேளு, நீயே சம்மதம்னு சொல்லு. மண்டோரு கையெடுத்துக் கும்புடுவாரு."

செய்திருக்கலாம். உடுக்கைக்காரன்கூடத் தயாராகத்தான் நின்றான். வேலம்மா தலையை அசைத்து மறுத்தாள். "நானே சொல்லிக்கிறதுக்கா இத்தன வருசம் நின்னேன்? எனக்கு அவ சொல்லணும்."

சன்னாசியைத் தாண்டிப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே, மஞ்சள் பூசின கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். இதுவரை அந்தக் கல்லின் முன்னால் நின்று அவள் எதையும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் வெளியே, ஆடுகிறவனிடம்தான்.

"ஆத்தா, நா செல்லையாவோட போறேன்," என்றாள். "வேணாம்னா இப்பச் சொல்லிரு. யாரு மேலயும் வந்து சொல்லாத. நீயே சொல்லு."

எல்லாரும் காத்திருந்தார்கள். மண்டோர் முறைப்படி ஒரு காதைக் கையால் குவித்துக் கல்லின் பக்கம் சாய்த்துக்கொண்டார். சன்னாசி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான், மறுபடி ஏதாவது வந்துவிடப் போகிறதே என்று. கூழ்ப் பானையில் ஏடு படிந்தது. ஒரு ஈ அதன் மேல் நடந்தது. கிராணி குடையை மடக்கிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ஆத்தாள் ஒன்றும் சொல்லவில்லை.

"மறுப்பு இல்ல," என்று மண்டோர் காதை நிமிர்த்தி அறிவித்தார். "ஆத்தா சம்மதம்."

குலவை கிளம்பியது. உடுக்கை அதிர்ந்தது. ஆளாளுக்குக் குவளையை எடுத்துக்கொண்டு பானையை நோக்கி ஓடினார்கள். மேல் கூழ் வெல்லமாக இனிக்கிறது என்று ஒரே பாராட்டு. வேலம்மா மட்டும் கல்லுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

செல்லையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அழுகிறவளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. முறுக்கி வைத்திருந்த துண்டைப் பிரித்து நீட்டினான்.

"அழாத புள்ள. அதான் ஆத்தா சம்மதம் கெடச்சுருச்சே."

வேலம்மா நிமிர்ந்து அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"அது எப்பவோ கெடச்சுருச்சுங்க," என்றாள்.